ஓடு... ஓடு... நிற்காதே! புது மலையில் முதன்முறை பறக்கும்போது என்ன நடக்கிறது?

பீளமேட்டுக்காரர்களுக்கு வானத்தில் எதுவும் புதிதில்லை. ஏர்போர்ட் நம் வாசலில் இருக்கிறது. சித்ரா பக்கம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, தலைக்கு மேலே விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும். சின்னக் குழந்தைகள்கூட நிமிர்ந்து பார்க்காது.

ஆனால், போன மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து ஒரு செல்போனைப் பார்த்தோம். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் என் சித்தி பையன், தீபாவளி லீவுக்கு இமாச்சலப் பிரதேசம் போகிறான். அங்கே ‘பிர் பில்லிங்’ என்ற மலையிலிருந்து பறக்க புக் செய்திருக்கிறான். அதைப் பெருமையாக வீடியோ போட்டுக் காட்டினான். ஒருவர் மலை விளிம்பை நோக்கி ஓடுகிறார், ஓடுகிறார்... தரை முடிந்துவிடுகிறது. கால்கள் மட்டும் காற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சித்தி ஒன்றும் பேசவில்லை. அம்மாயிதான் கேட்டார். “ஏங்கண்ணு, அந்தப் பையன் கீழ உளுந்தா ஆரு புடிப்பாங்க?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால், அந்தக் கேள்விக்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

வர்கலா விளக்குக் கம்பம்

முதலில் நமக்குப் பக்கத்தில் நடந்த கதை. 2023 மார்ச் 7. கேரளாவின் வர்கலா. கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் செம்மண் பாறைகளும், கீழே பாபநாசம் கடற்கரையும் உள்ள ஊர். அங்கே பாராகிளைடிங் செய்யப் போனவர் கோவையைச் சேர்ந்த ஓர் இளம்பெண். உடன் பறந்தவர் பயிற்றுநர்.

பறந்துகொண்டிருந்தபோது கட்டுப்பாடு தவறியது. இறக்கை, கடற்கரையில் இருந்த உயர் கோபுர மின்விளக்குக் கம்பத்தின் உச்சியில் போய்ச் சிக்கியது. நம் ஊர் ரவுண்டானாக்களில் நிற்குமே, அதே போன்ற கம்பம்! இருவரும் அந்த உயரத்தில், விளக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். நிமிஷக் கணக்கில் அல்ல, ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

போலீசும் தீயணைப்புத் துறையினரும் வந்தார்கள். கீழே வலையும் மெத்தைகளும் விரித்தார்கள். பல்பு மாற்றுவதற்காக விளக்குச் சட்டத்தைக் கீழே இறக்கும் வசதி இந்தக் கம்பங்களில் உண்டு. அதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். இருவரும் உயிர் தப்பினார்கள். சம்பவம் குறித்து வழக்கும் பதிவானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கம்பம் அன்று காலையில் திடீரென முளைக்கவில்லை. அது எப்போதும் அங்கேதான் நின்றது. பறக்கும் இடத்தில் எது எங்கே நிற்கிறது, காற்று மாறினால் எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும் என்பதை அறிந்திருப்பதுதான் இந்த விளையாட்டில் உயிர். அதனால்தான், ஆயிரம் தடவை பறந்தவர்கூட ஒரு புது இடத்துக்குப் போனால் முதல் நாள் மாணவராகிவிட வேண்டும் என்கிறார்கள் இந்தத் துறையில் பழுத்தவர்கள்.

2 நிமிஷம் 14 விநாடி

அடுத்தது உலகமே பார்த்த கதை. 2018-ல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் பகுதிக்குச் சுற்றுலா போனார் அமெரிக்காவின் கிறிஸ் கர்ஸ்கி. ஹேங் கிளைடரில் பறப்பது அவருக்கு வாழ்க்கையில் அதுவே முதல் முறை. பைலட்டும் அவரும் ஒன்றாக மலைச்சரிவில் ஓடினார்கள். தரை விலகியது. அந்த விநாடியே கர்ஸ்கிக்குப் புரிந்துவிட்டது: தன் உடம்பில் கட்டிய பெல்ட்டை கிளைடரோடு மாட்டவே இல்லை!

பைலட் மாட்டப்பட்டிருந்தார். பயணி மாட்டப்படவில்லை. கீழே பள்ளத்தாக்கு. கர்ஸ்கி ஒரு கையால் கம்பியையும், இன்னொரு கையால் பைலட்டின் உடையையும் பிடித்துத் தொங்கினார். பைலட் ஒரு கையால் கிளைடரை ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் இவரைப் பிடிக்கப் பார்த்தார். பிடி நழுவி நழுவி, கடைசியில் பைலட்டின் காலைப் பிடித்தபடி பறந்தார் கர்ஸ்கி. மொத்தம் 2 நிமிஷம் 14 விநாடி. தரை நெருங்கியதும் வேகமாகப் புல்வெளியில் விழுந்தார். மணிக்கட்டு உடைந்து பிளேட் வைக்க வேண்டியிருந்தது. கைத் தசைநாரும் கிழிந்தது. ஆனால், உயிர் பிழைத்தார்.

கிளைடரில் பொருத்தியிருந்த கேமராவில் எல்லாமே பதிவாகியிருந்தது. அவரே அதை யூடியூபில் போட, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். இதில் ஆச்சர்யம் என்ன தெரியுமா? ‘முதல் பயணத்தை ரசிக்கவே முடியவில்லை, அதனால் மறுபடியும் பறப்பேன்’ என்றார் மனிதர்.

கிளைடர் உடையவில்லை. காற்று ஏமாற்றவில்லை. வானிலை அருமை. தவறியது ஒரே ஒரு கொக்கி. அதைச் சோதித்துப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

ஹேங் கிளைடர் ஓட்டுபவர்களுக்கு இதற்கென்றே ஒரு பழக்கம் உண்டு. ஓடத் தொடங்குவதற்கு முன், கொக்கியை மாட்டிக்கொண்டு, ஒருவர் கிளைடரின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, இவர் அப்படியே படுத்துத் தொங்கிப் பார்ப்பார். உடம்பு தரையைத் தொடாமல் கம்பிக்கு மேலே சரியான உயரத்தில் நின்றால் கொக்கி மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். நாம் ஊர் கிளம்பும்போது கேஸ் ஸ்டவ்வை மூடினோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்போமே, அந்த மாதிரி. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் இதை விடக் கூடாது. புது இடத்தில் இன்னும் முக்கியம். ஏனென்றால், புது இடத்தில் மனசு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொக்கி மறந்துபோகும்.

சமையலறைத் திரையில் பிறந்த இறக்கை

ஹேங் கிளைடர் வேறு, பாராகிளைடர் வேறு. பலரும் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள்.

பாராகிளைடரில் கம்பி, சட்டம் எதுவும் இல்லை. முழுக்கத் துணியும் நூல்களும்தான். காற்று உள்ளே புகுந்தால் இறக்கை மாதிரி விறைத்து நிற்கும். பைலட் நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து பறப்பார். மடித்தால் முதுகுப் பையில் போய்விடும்.

ஹேங் கிளைடருக்கு அலுமினியச் சட்டம் உண்டு. அதன்மேல் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி. முக்கோணப் பட்டம் போல இருக்கும். பைலட் குப்புறப் படுத்தபடி தொங்குவார். முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துத் தன் உடல் எடையை இடம், வலம், முன், பின் என்று நகர்த்தினால் கிளைடர் திரும்பும். எடை 25 முதல் 35 கிலோ வரை வரும். பாராகிளைடரைவிட வேகமாகவும் தூரமாகவும் போகும். அதே சமயம், இறங்குவதற்குப் பெரிய மைதானம் வேண்டும்.

இந்த இறக்கையின் பிறப்புக் கதை அழகானது. அமெரிக்க விமான ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ரோகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1940-களில் வீட்டிலேயே ஆராய்ச்சி செய்தார்கள். சட்டமே இல்லாத, வளையக்கூடிய இறக்கை செய்ய முடியுமா என்பது கேள்வி. மாதிரி இறக்கை தைக்கத் துணி எங்கிருந்து வந்தது தெரியுமா? சமையலறை ஜன்னல் திரையிலிருந்து! தைத்தவர் கெர்ட்ரூட். 1948-ல் இருவரும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பிறகு 1963-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் டிக்கன்சன், அந்த இறக்கையோடு முக்கோணக் கம்பியைச் சேர்த்து, எடையை நகர்த்தி ஓட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய ஹேங் கிளைடர் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஊட்டியில் சோறு வேக நேரமாகிறதே, ஏன்?

சரி, இறக்கை அதே இறக்கைதான். ஓட்டுபவரும் அதே ஆள்தான். மலை மாறினால் என்ன மாறிவிடும்?

முதலில், காற்றின் அடர்த்தி. ஊட்டியில் குக்கர் இல்லாமல் சோறு வடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேகவே வேகாது. உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடுவதால், தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. இறக்கைக்கும் இதே கதைதான். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், கடற்கரையைவிடக் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே இறக்கை அதே ஆளைத் தூக்க, சுமார் 12 சதவிகிதம் கூடுதல் வேகம் வேண்டும். கடலோரக் குன்றில் நாலு எட்டு வைத்தால் தூக்கிய கிளைடர், இங்கே இன்னும் ஓடச் சொல்லும். பழக்க தோஷத்தில் நாலாவது எட்டில் துள்ளி உட்கார நினைத்தால், இறக்கை தூக்காது. விளிம்பைத் தாண்டிச் சரிவில் உரசும். ‘ஓடு, ஓடு, நிற்காதே’ என்று பயிற்றுநர்கள் கத்துவது இதற்குத்தான். இறங்கும்போதும் இதே கணக்கு. எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தரை வரும்.

இரண்டாவது, காற்றின் பாதை. மலை என்பது ஆற்றுக்கு நடுவே கிடக்கும் பாறை மாதிரி. பாறையின் முன்பக்கம் தண்ணீர் மேலேறும். பின்பக்கம் சுழிக்கும். மலையில் மோதும் காற்றும் அப்படித்தான். காற்று வந்து மோதும் பக்கத்தில் இறக்கையைத் தூக்கும். மறுபக்கம் போனால் கண்ணுக்குத் தெரியாத சுழல். ஆற்றுச் சுழியாவது கண்ணில் படும், காற்றுச் சுழல் படாது. எந்த முகட்டுக்குப் பின்னால், எந்த மணிக்கு, எந்தத் திசைக் காற்றில் சுழல் உருவாகும் என்பது உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

மூன்றாவது, நேரம். வெயில் ஏறினால் சரிவுகள் சூடாகிக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் ஏறும். மாலை சாய்ந்ததும் குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே வழியும். காலை 9 மணிக்குக் குழந்தையாக இருக்கும் அதே மலை, மதியம் 1 மணிக்கு வேறு முகம் காட்டும்.

நான்காவது, கண். பழகிய இடத்தில் ஒரு தென்னைமரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் அளந்துவிடும். புது மலையில் அந்த அளவுகோல் இல்லை. பெரிய மைதானம் என்று மேலிருந்து நினைத்தது, இறங்கும்போது ஒரு காட்டுத் துண்டாக இருக்கும். அதன் குறுக்கே மின்கம்பி வேறு ஓடும். மேலிருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பங்களைப் பார்த்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும்.

பிர் பில்லிங்: அழகும் ஆபத்தும்

சித்தி பையன் போகும் இடத்துக்கு வருவோம். இமாச்சலின் காங்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் மடியில் இருக்கிறது பில்லிங். உயரம் சுமார் 2,400 மீட்டர். ஊட்டியைவிட உயரம்! அங்கிருந்து ஓடிப் பறந்தால், கீழே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள பிர் கிராமத்தில் இறங்க வேண்டும். திபெத்திய அகதிகள் குடியேறிய ஊர். மடாலயங்கள், தேயிலைத் தோட்டங்கள், பின்னால் பனிமலை. பார்க்கவே கண்கொள்ளாது.

1980-களிலேயே ஹேங் கிளைடரோடு இங்கே வந்துவிட்டார்கள் பறப்பவர்கள். பிறகு பாராகிளைடிங் பிரபலமானது. 2015 அக்டோபரில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. 2024 நவம்பரில் மறுபடியும் நடந்தது. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை. அக்டோபர், நவம்பர்தான் உச்ச சீசன். இமாச்சல் அரசு 2004-லேயே வான் சாகச விளையாட்டுகளுக்கென விதிகள் போட்டது. பைலட்டும் நிறுவனமும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆனால், அதே உச்ச சீசனில்தான் துயரச் செய்திகளும் வருகின்றன. 2023 அக்டோபர் கடைசியில் வெளிநாட்டு பைலட்டுகள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். 2024 அக்டோபர் கடைசியில், உலகக் கோப்பைக்குச் சில நாள்களுக்கு முன், வானிலேயே இரண்டு பாராகிளைடர்கள் மோதியதில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பைலட் ஒருவர் இறந்தார்.

சுற்றுலாப் பயணிகள் பறப்பது ஊருக்கு முன்னால் உள்ள சரிவில். அது மலையிலிருந்து நேராக மைதானத்துக்குப் போகும் குறுகிய பயணம். ஆனால், தனியாகப் பறக்கும் வெளிநாட்டு பைலட்டுகள் மலைத்தொடரை ஒட்டியே பல கிலோமீட்டர் போவார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளிப்போனால் பனியும் செங்குத்துப் பாறைகளும்தான். அங்கே விழுந்தால், கண்டுபிடித்துப் போய்ச் சேருவதற்கே நாள் கணக்காகும். தங்கள் நாட்டுச் சமவெளியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவம் இங்கே பாதிதான் உதவும்.

இடி மேகத்துக்குள் ஒரு பெண்

‘புது இடத்தின் வானிலை’ என்றால் என்ன என்று புரிய, ஏவா விஸ்னியர்ஸ்கா கதை போதும். போலந்தில் பிறந்து, ஜெர்மனி அணிக்காகப் பறந்த பாராகிளைடர் வீராங்கனை. 2007 பிப்ரவரி 14. ஆஸ்திரேலியாவின் மனில்லா என்ற ஊரில், உலக சாம்பியன்ஷிப்புக்கு முன்பான பயிற்சியில் இருந்தார். பக்கத்தில் இடி மேகங்கள் திரண்டன. சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். முடியவில்லை. மேகம் அவரை உள்ளே உறிஞ்சியது.

விநாடிக்கு 20 மீட்டர் வரை வேகத்தில் மேலே ஏறினார். லிப்ட்டில் ஆறேழு மாடியை ஒரே விநாடியில் கடப்பது போல! சுற்றிலும் இருட்டு, மின்னல், ஆலங்கட்டி. ஆக்ஸிஜன் இல்லாமல் மயங்கினார். அவர் கருவியில் பதிவான உச்ச உயரம் 9,946 மீட்டர். எவரெஸ்ட்டைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேல். நம் தலைக்கு மேல் பயணிகள் விமானம் போகும் உயரம். அரை மணி நேரத்துக்கும் மேல் நினைவில்லாமல் அந்தக் குளிரில் மிதந்தவர், கீழே வரும்போது விழித்துக்கொண்டார். புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, பனி உறைந்த உடையோடு தானே இறங்கினார்.

அதே நாள், அதே மேகக்கூட்டத்தில் சிக்கிய சீன வீரர் ஹீ சோங்பின் உயிர் பிழைக்கவில்லை.

ஒரே வானம். இருவருமே உலகத் தரத்து பைலட்டுகள். ஒருவர் பிழைத்ததற்குத் திறமை காரணமில்லை. மயங்கிக் கிடந்தவருக்கு என்ன திறமை? இதைக் கேட்டபோதுதான், ‘நான் நிறைய பறந்திருக்கேன்’ என்ற பேச்சு மலையிடம் எடுபடாது என்பது எனக்கு உறைத்தது.

ரைட் சகோதரர்கள் செய்த முதல் காரியம்

புது இடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்பதற்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் 1891 முதல் 1896 வரை இரண்டாயிரம் தடவைக்கும் மேல் கிளைடரில் பறந்தவர். பழகுவதற்காகத் தன் ஊரிலேயே மண்ணைக் கொட்டிச் செயற்கைக் குன்று கட்டியவர். 1896 ஆகஸ்ட் 9-ல், அவர் பல தடவை பறந்த குன்றிலேயே, காற்றில் தடுமாறிச் சுமார் 15 மீட்டரிலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்தார்.

அவரைப் படித்துத்தான் ரைட் சகோதரர்களுக்குப் பறக்கும் ஆசை தீவிரமானது. ஆனால், அவர்கள் அவசரப்படவில்லை. எங்கே காற்று சீராக அடிக்கும் என்று அமெரிக்க வானிலைத் துறைக்கு எழுதிக் கேட்டார்கள். பட்டியலைப் பார்த்து, முன்பின் பார்த்திராத கிட்டி ஹாக் என்ற கடலோர ஊருக்குக் கடிதம் போட்டார்கள். காற்று எப்படி, மணல் எப்படி, மரங்கள் உண்டா என்று விசாரித்தார்கள். விழுந்தால் அடிபடாமலிருக்க மணல் வேண்டும் இல்லையா?

1900-ல் அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் நாளே ஏறிப் பறந்தார்களா? இல்லை. கிளைடரைக் கயிறு கட்டிப் பட்டம்போல விட்டுப் பார்த்தார்கள். அந்தச் சீசன் முழுக்கப் பெரும்பாலும் அப்படித்தான். ஆள் ஏறியது கொஞ்ச நேரம்தான். 1903 டிசம்பர் 17-ல் எஞ்சின் வைத்து 12 விநாடி பறந்து வரலாறு படைத்ததற்குப் பின்னால், இப்படி மூன்று வருஷப் பொறுமை இருக்கிறது.

இன்றும் நல்ல பைலட்டுகள் புது மலையில் இதைத்தான் செய்கிறார்கள். முதலில் மலைமேல் போகாமல், இறங்கும் மைதானத்துக்குப் போவார்கள். அதைக் கால்நடையாகச் சுற்றுவார்கள். கம்பி, மரம், வேலி, ஆடுமாடு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உள்ளூர் பைலட்டைப் பிடித்து, இரண்டு டீ சொல்லி, கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். பிறகு மேலே போய் அரை மணி நேரம் சும்மா நின்று மற்றவர்கள் பறப்பதைப் பார்ப்பார்கள். முதல் பறத்தல் எப்போதும் சின்னது. காற்று அமைதியாக இருக்கும் நேரத்தில் மேலிருந்து நேரே மைதானத்துக்கு. சாகசமெல்லாம் அப்புறம்.

சரியில்லை என்று பட்டால் கிளைடரை மடித்து வைத்துவிட்டு, வந்த வழியே ஜீப்பில் இறங்குவார்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அவ்வளவு தூரம் வந்து, அவ்வளவு பணம் செலவழித்து, கூட வந்தவர்கள் எல்லோரும் பறக்கும்போது, ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

இத்தனை மலை இருந்தும் கோவையில் ஏன் இல்லை?

‘சுத்தி மலைதானே, நம்ம ஊர்லயே பறக்கலாமே?’ என்று கேட்கத் தோன்றும். நம்மைச் சுற்றியுள்ள மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. யானை நடமாட்டம். நினைத்தபடி ஏறவும் முடியாது, இறங்க மைதானமும் கிடையாது.

இன்னொன்று, நம்ம ஊர்க் காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் பீய்ச்சி அடிக்குமே, அப்படி மேற்கிலிருந்து வரும் காற்று இந்தச் சந்துக்குள் வேகம் எடுக்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அதனால்தான். ‘ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்’ என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சாதாரண பாராகிளைடரின் வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குப் பக்கம்தான். எதிர்க்காற்றும் அதே வேகத்தில் அடித்தால், அது வானத்தில் அப்படியே நிற்கும். காற்று கூடினால் பின்னோக்கிப் போகும்! காற்றாலைக்கு வரமாக இருக்கும் காற்று, பாராகிளைடருக்கு ஆகாது. அதனால்தான் நம்மவர்கள் கேரளாவின் வாகமண்ணுக்கோ இமாச்சலுக்கோ போகிறார்கள். 2024 மார்ச்சில் வாகமண்ணில் சர்வதேச பாராகிளைடிங் போட்டியே நடந்தது. நம் மாநிலத்தில் ஏலகிரியிலும் பாராகிளைடிங் விழா நடந்ததுண்டு.

பறக்கும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ போவதாக இருந்தால், இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பைலட்டுக்கு உரிமம் இருக்கிறதா? நிறுவனத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. உங்களோடு பறக்கப்போகும் அந்த ஆளின் பதிவு அட்டையைப் பார்க்கக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

2. இந்த இடத்தில் அவர் எத்தனை வருஷமாகப் பறக்கிறார்? ‘மொத்தம் எத்தனை வருஷம்’ என்பதைவிட இதுவே முக்கியம்.

3. அவசர பாராசூட் இருக்கிறதா? அதைக் கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள்? ஒன்று, அதுவும் தரைக்கு மிக அருகில் விரிய நேரமிருக்காது.

4. என் கொக்கி மாட்டியிருக்கிறதா? இடுப்பு, நெஞ்சு, இரண்டு தொடை என எல்லா பெல்ட்டும் பூட்டியதை நீங்களே தொட்டுப் பாருங்கள். ‘மாட்டியாச்சா?’ என்று சத்தமாகக் கேளுங்கள். கர்ஸ்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. எங்கே இறங்கப் போகிறோம்? மேலே போகும் முன் அந்த இடத்தை ஒரு தடவை பாருங்கள்.

6. ஹெல்மெட், ஷூ தருகிறார்களா? செருப்போடு ஓடச் சொன்னால் ஓட வேண்டாம். சேலை, துப்பட்டா, தொங்கும் கேமரா எல்லாம் நூல்களில் சிக்கும்.

7. காற்று சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? இதை முன்பே பேசிவிடுங்கள். பணம் போய்விடுமே என்ற நினைப்புதான் பலரைத் தப்பான நேரத்தில் ஓட வைக்கிறது.

கூடவே, உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் புரட்டுங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்காது. இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

அம்மாயிக்கு ஒரு பதில்

இதையெல்லாம் சேகரித்து முடித்ததும், சித்தி பையனுக்கு போன் செய்தேன். இந்த 7 கேள்விகளையும் சொன்னேன். ‘சரி, சரி’ என்று கேட்டுக்கொண்டே வந்தவன், ஏழாவதில் நின்றுவிட்டான். “அட்வான்ஸ் முழுசும் கட்டிட்டேன். திருப்பித் தருவாங்களான்னு கேக்கவே இல்ல” என்றான். அன்று மாலையே அவர்களிடம் பேசி, வானிலை சரியில்லை என்றால் வேறு நாளுக்கு மாற்றித் தருவதாக எழுதி வாங்கிவிட்டான். பறப்பதற்கு ஒரு நாள் வைத்திருந்தவன், இப்போது மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறான். “முதல் நாள் மைதானத்துல உக்காந்து வேடிக்கை பாக்கப் போறேன்” என்கிறான்.

சித்திக்குப் பாதி நிம்மதி. அம்மாயியிடம் போய் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். கொக்கி, காற்று, கணவாய், கிட்டி ஹாக் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டே கடைசியில் சொன்னார்.

“அப்ப, உளுந்தா ஆரும் புடிக்க மாட்டாங்க. பறக்கறதுக்கு மிந்தியே பாத்துக்கோணும். அதானே?”

அதேதான் அம்மாயி.